ஆடுகிற அசடும் பார்க்கிற அசடும்: தோகுஷிமாவின் அவா ஒடோரி யாருடையது?

பத்து லட்சம் பேருக்கு மேல் வந்து போகிற ஒரு திருவிழா கடனில் மூழ்கி, அதை நடத்திய அமைப்பின் மேல் அந்த ஊர் நகராட்சியே திவால் மனு போட்டது என்றால் கேட்கவே கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். ஆனால் 2018 மார்ச்சில் ஜப்பானில் இதுதான் நடந்தது. ஊர் தோகுஷிமா, ஷிகோகு தீவின் கிழக்கு ஓரத்தில் இரண்டரை லட்சம் பேர் வாழ்கிற ஒரு நடுத்தர நகரம். திருவிழாவின் பெயர் அவா ஒடோரி. அவா என்பது அந்தப் பகுதியின் பழைய நாட்டுப் பெயர், ஒடோரி என்றால் ஆட்டம். அவ்வளவுதான், அவா நாட்டு ஆட்டம். வருஷா வருஷம் ஆகஸ்ட் 12 முதல் 15 வரை நாலு ராத்திரி நடக்கும்.

இந்த ஆட்டத்துக்கு ஒரு பாட்டு உண்டு, ஜப்பானில் ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்குக்கூட இந்த வரி தெரியும். தமிழில் சொன்னால் கிட்டத்தட்ட இப்படி வரும்: ஆடுற அசடு ஒண்ணு, பார்க்கிற அசடு ஒண்ணு, ரெண்டுமே அசடுன்னா ஆடாம நிக்கிறது நஷ்டம்தானே. 'அஹோ' என்கிற அந்தச் சொல்லுக்கு முட்டாள் என்று அர்த்தம் போடலாம், ஆனால் மேற்கு ஜப்பானில் அது அவ்வளவு கடுப்பான சொல் இல்லை, செல்லமாகத் திட்டுகிற சொல். அதனால்தான் அசடு என்றேன்.

கேட்க வேடிக்கையான வரிதான். ஆனால் திருவிழாவின் கணக்குப் புத்தகத்தைப் பிரித்தால் இந்த வரிக்கு வேறொரு அர்த்தம் வந்துவிடுகிறது. ஆடுகிறவர் சம்பளம் வாங்குவதில்லை, தன் கைக்காசைப் போட்டு ஆடுகிறார். மேடை, விளக்கு, காவல், விளம்பரம் எல்லாவற்றுக்கும் பெரும்பங்கு காசு உட்கார்ந்து பார்க்கிறவருடைய டிக்கெட்டில் இருந்து வர வேண்டும். அதாவது பாட்டு யாரைக் கேலி செய்கிறதோ அவர்தான் செலவைத் தாங்குகிறார். இந்த இரண்டு அசடுகளில் யாருக்காக இந்தத் திருவிழா என்கிற கேள்வி வெளியே வெடித்த வருஷம்தான் 2018. ஆனால் கேள்வி அதைவிட ரொம்பப் பழசு.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். தாளம் இரட்டைத் தாளம், கொஞ்சம் துள்ளலாக, கேட்டதும் கால் தானாகத் தட்ட ஆரம்பிக்கிற மாதிரி. இதை ஸொமெகி என்கிறார்கள், ஆரவாரம் என்று பொருள். கானே என்கிற சின்ன வெண்கலச் சேகண்டி மாதிரியான ஒன்றைக் கையில் பிடித்து அடிப்பவர்தான் மொத்தக் கூட்டத்துக்கும் தலைமை, வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் கையில். அவர் பின்னால் ஷாமிசென் என்கிற மூன்று தந்தி வாத்தியம், மூங்கில் புல்லாங்குழல், இடுப்பில் கட்டின சின்ன மத்தளம், தோளில் மாட்டின பெரிய முரசு. பெரிய முரசு வயிற்றுக்குள் போய் இடிக்கும், சேகண்டி காதுக்குள் கிணுகிணுக்கும், இரண்டுக்கும் நடுவில் குழல். "யாத்தோ சா, யாத்தோ சா" என்று இவர்கள் கத்த அவர்கள் பதில் கத்துவார்கள்.

அடவு என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். வலது கால் முன்னால் போகும்போது வலது கையும் முன்னால் போகும், இடது காலுக்கு இடது கை. படிக்கச் சுலபம், எழுந்து நின்று நாலு எட்டு வைத்துப் பாருங்கள். நாம் நடக்கும்போது கை காலுக்கு எதிர்ப்பக்கம் வீசும், அதனால் இது உடம்போடு சண்டை போடுகிற மாதிரி இருக்கும். இரண்டு கையும் தலைக்கு மேலே, கீழே இறக்கக் கூடாது. ஒரு தெருவின் நீளம் முழுக்க.

பெண்களின் ஆட்டம் ஒன்று, ஆண்களின் ஆட்டம் ஒன்று. பெண்கள் யுகாட்டா என்கிற மெல்லிய கோடைக்கால கிமோனோ அணிந்து, கோரையில் பின்னி இரண்டாக மடித்த அமிகாசா தொப்பியை முகத்தை மறைக்கிற மாதிரிச் சாய்த்துக் கட்டியிருப்பார்கள். காலில் கெட்டா மரச்செருப்பு, ஆனால் குதிகால் தரையில் படாது, முன்பக்க விளிம்பில் மட்டும் நின்று நகர்வார்கள். ஐம்பது பேர் ஒரே நேரத்தில் அப்படி நகரும்போது மரம் தரையில் தட்டுகிற அந்தக் 'கடக் கடக்' சத்தமே தனி வாத்தியம். ஆண்களின் ஆட்டம் நேர் எதிர்: முழங்காலை மடக்கித் தாழ உட்கார்ந்த மாதிரி, கையில் விசிறியோ காகித விளக்கோ, கொஞ்சம் குடிகாரத்தனம், கொஞ்சம் கோமாளித்தனம். பல குழுக்களில் பெண்களும் ஆண்களின் உடையைப் போட்டுக்கொண்டு இந்த ஆட்டத்தை ஆடுகிறார்கள். என்னைக் கேட்டால் அவர்கள்தான் ஆண்களைவிடக் கூர்மையாக ஆடுகிறார்கள்.

குழுவுக்குப் பெயர் ரென். ஐம்பது, நூறு பேர் சேர்ந்தது ஒரு ரென், அதற்கென்று ஒரு உடை, ஒரு பாணி, ஒரு விளக்கு. தலைமுறைகளாக இருக்கிற புகழ்பெற்ற ரென்கள் உண்டு, கல்லூரி மாணவர் ரென் உண்டு, வங்கியும் மின்சாரக் கம்பெனியும் ஊழியர்களைத் திரட்டி நடத்துகிற ரென்கள் உண்டு. நல்ல ரென்னில் இருப்பவர்கள் மாதக்கணக்காகச் சாயங்காலம் பூங்காவிலும் ஆற்றங்கரையிலும் பயிற்சி எடுப்பார்கள். சந்தா கட்டுவதும் உடை வாங்குவதும் அவர்கள் பாடு.

சரி, இது எங்கிருந்து வந்தது?

அடித்தளம் ஒபோன். இறந்த முன்னோர் ஆகஸ்ட் நடுவில் வீட்டுக்கு வந்து போவதாக நம்பி விளக்கேற்றி வரவேற்று வழியனுப்புகிற பௌத்தச் சடங்கு. பழைய சந்திர நாள்காட்டிப்படி ஏழாம் மாதப் பௌர்ணமியை ஒட்டி வந்தது. சொல்லின் வேர் 'உல்லம்பனம்' என்கிற சமஸ்கிருதச் சொல் என்பது வழக்கமாகச் சொல்லப்படுகிற விளக்கம். புத்தரின் சீடர் மௌத்கல்யாயனர் தன் தாய் பசித்த பேயாகத் தவிப்பதைக் கண்டு, துறவிகளுக்கு அன்னமிட்டு அவளை மீட்டு, ஆனந்தத்தில் ஆடினார் என்பது கதை. இந்தியாவில் கிளம்பிய கதை சீனா வழியாக ஜப்பான் போய், அங்கே ஊர் ஊராக ஒரு ஆட்டமாக மாறியது. போன் ஒடோரி என்று பொதுவாகச் சொல்வார்கள், பெரும்பாலான ஊர்களில் நடுவில் பரண் கட்டி அதைச் சுற்றி வட்டமாக ஆடுவார்கள். தோகுஷிமாவில் வட்டம் இல்லை, வரிசை. தெருவில் முன்னேறிப் போய்க்கொண்டே இருக்கிற ஆட்டம். இந்த வித்தியாசம் பின்னால் காசு விஷயத்தில் முக்கியமாகும். வட்டமாக ஆடினால் ஆடுகிறவரும் பார்க்கிறவரும் கலந்து நிற்பார்கள், எந்த நிமிஷமும் உள்ளே நுழையலாம். வரிசையாக ஊர்வலம் போனால் தெருவின் இரண்டு பக்கமும் கேலரி கட்டி டிக்கெட் போடலாம்.

ஊரில் சொல்லும் பிறப்புக் கதை வேறு. 1585இல் ஹச்சிசுகா இயேமாசா அவா நாட்டுக்கு அதிபராக வந்தார், கோட்டை கட்டினார், கட்டி முடித்த சந்தோஷத்தில் ஊர்மக்களுக்கு சாகே என்கிற அரிசி மது ஊற்றிக் கொடுத்தார், அவர்கள் போதையில் ஆட ஆரம்பித்தார்கள், அதுதான் அவா ஒடோரி. அந்தப் பழைய பாட்டிலேயே அதிபர் ஹச்சிசுகா விட்டுப் போன ஆட்டம் இது என்று ஒரு வரி வரும். சுற்றுலா ஏட்டில் போட வசதியான கதை, நானூறு வருஷப் பாரம்பரியம் என்று ஒரே வரியில் முடிந்துவிடும்.

ஆனால் ஹச்சிசுகா குலம் வருவதற்கு முன்பே, 1578இல், இதே நாட்டின் ஷோசுயி கோட்டையில் பெரிய அளவில் ஆட்டம் நடந்ததாக ஒரு பழைய நூலில் குறிப்பு இருக்கிறது. அப்புறம் இன்னொன்று, எனக்கு இதுதான் சுவாரஸ்யம்: அந்த அதிபர் குலம் ஆட்டத்தைக் கொடுத்ததற்கு இருக்கிற ஆதாரத்தைவிடத் தடுத்ததற்கு இருக்கிற ஆதாரம் பல மடங்கு உறுதி. பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே ஆணை மேல் ஆணை. போன் நாட்களில் இத்தனை நாள்தான் ஆடலாம், முகத்தை மூடிக்கொண்டு ஆடக் கூடாது, சாமுராய்கள் வெளியே வரவே கூடாது, ஆட ஆசை இருந்தால் தங்கள் வீட்டு வாசலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே ஆடிக்கொள்ள வேண்டும். 1841இல் ஹச்சிசுகா என்கிற குலப்பெயரையே தாங்கிய ஒரு உயர்நிலை சாமுராய் தெருவில் இறங்கி ஆடிவிட்டார் என்பதற்காகத் தண்டிக்கப்பட்டு அடைத்து வைக்கப்பட்டார். ஒரு ராத்திரி ஆட்டத்துக்கு.

அதிபர்களுக்கு என்ன பயம்? கூட்டம்தான். ஆயிரக்கணக்கானவர்கள் ராத்திரியில் மாறுவேஷம் போட்டுக்கொண்டு, யார் எவர் என்று தெரியாமல், ஆளும் வர்க்கமும் உழைக்கிற வர்க்கமும் தோளோடு தோள் உரசுவது எந்த அரசாங்கத்துக்கும் தூக்கம் கெடுக்கிற விஷயம். பயம் முழுக்கப் பொய்யும் இல்லை. 1867இல், ஷோகுன் என்கிற ராணுவத் தலைவரின் ஆட்சி கவிழப் போகிற கடைசி மாதங்களில், "நடந்தா நடக்கட்டுமே" என்கிற பொருள்படக் கத்திக்கொண்டு ஜனங்கள் வீடு புகுந்து ஆடின ஒரு பித்து ஜப்பானின் பல பகுதிகளில் பரவியது, அவா நாட்டையும் அது விடவில்லை.

இத்தனை தடையையும் மீறி ஆட்டம் இவ்வளவு செழித்ததற்குப் பணம் ஒரு காரணம், அந்தப் பணத்தின் நிறம் நீலம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தோகுஷிமா வழியாக யோஷினோ என்று ஒரு ஆறு கடலுக்குப் போகிறது. ஜப்பானில் மூன்று முரட்டு ஆறுகளுக்கு அண்ணன் தம்பிப் பெயர் வைத்திருக்கிறார்கள், இது மூன்றாவது, ஷிகோகு சபுரோ. இலையுதிர்காலப் புயல் வந்தால் கரையுடைத்து நெல்லை அடித்துக்கொண்டு போய்விடும். நெல் போட முடியாத அந்த வண்டல் நிலத்தில், புயலுக்கு முன்னாலேயே அறுவடை முடிந்துவிடுகிற ஒரு பயிரைப் போட்டார்கள்: சாயச்செடி. நம் ஊர் அவுரியும் இதுவும் வேறு வேறு குடும்பம், ஆனால் இலையில் இருந்து கிடைக்கிற நீலம் ஒன்றுதான். வெள்ளம் ஒவ்வொரு வருஷமும் புது மண்ணைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகும், அதுவே உரம். இலையைக் காயவைத்து, தண்ணீர் தெளித்துக் கிளறிக் கிளறி நூறு நாள் போல ஊறவைத்துப் புளிக்கவைத்தால் சுகுமோ என்கிற கறுத்த சாயப்பொருள். எடோ காலத்தில், அதாவது 1603 முதல் 1868 வரை ஷோகுன்கள் ஆண்ட காலத்தில், சாதாரண ஜனங்கள் பருத்தி கட்ட ஆரம்பித்து, அந்தப் பருத்திக்கெல்லாம் நீலம் தேவைப்பட்டபோது அவா நீலம் ஜப்பான் முழுக்க ஓடியது. காகிதத்தில் அந்த அதிபர் ஆட்சியின் மதிப்பு 2,57,000 கொக்கு அரிசி. ஒரு கொக்கு என்பது ஒரு ஆள் ஒரு வருஷம் சாப்பிடுகிற அரிசி. ஆனால் உண்மையான செல்வம் அரிசிக் கணக்கில் வராத நீலத்தில் இருந்தது.

நீல வியாபாரிகள் ஊர் ஊராகச் சுற்றினார்கள், சுற்றின இடத்தில் கேட்ட பாட்டையும் பார்த்த ஆட்டத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். இன்றைக்கு அவா ஒடோரியின் பாட்டாக இருக்கும் யோஷிகோனோ, எடோ காலக் கடைசியில் பல ஊர்களில் புழங்கிய பாட்டு வகை. தாளம் தெற்கே கியூஷு துறைமுகங்களில் இருந்து கப்பலோட்டிகள் கொண்டுவந்தது என்று சொல்பவர்களும் உண்டு. வெளியூர் வியாபாரிகளை மகிழ்விக்க கெய்ஷா வீதிகள் வளர்ந்தன, அங்கே ஷாமிசென் கூர்மையானது. பக்கத்துக் கிராமங்களில் பொம்மலாட்டம் செழித்தது, மரத்தில் கட்டின பழைய கூத்து மேடைகள் தோகுஷிமா மலைக் கிராமங்களில் இன்றைக்கும் நிற்கின்றன. நீலக் காசு இல்லாவிட்டால் இதெல்லாம் இவ்வளவு பெரிதாகியிருக்காது.

அந்தக் காசு போனதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. துறைமுகங்கள் திறந்த பிறகு, மெய்ஜி காலத்தில் (1868 முதல் 1912 வரை), மலிவான இந்திய நீலம் ஜப்பானுக்குள் வந்தது. அப்புறம் 1897இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் கம்பெனி செயற்கை நீலத்தைச் சந்தைக்கு விட்டது, அது இந்திய நீலத்தையும் அவா நீலத்தையும் சேர்த்தே சாய்த்தது. 1903 வாக்கில் உச்சத்தில் இருந்த சாகுபடி பிறகு சரசரவென்று விழுந்தது. ஆனால் பெயர்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இன்றைக்கு டிக்கெட் போட்டு ஆட்டம் நடக்கும் இடங்களில் ஒன்று கொன்யாமாச்சி, சாயக்காரர் தெரு என்று அர்த்தம். இன்னொன்று ஐபாஹாமா, நீலம் வைத்திருந்த கரை.

நீலம் போன ஊருக்கு அடுத்த சரக்காக ஆட்டமே வந்தது. அதுவரை ஊர்க்காரர்களுக்கு இது வெறும் போன் ஆட்டம். 'அவா ஒடோரி' என்ற பெயரே ஷோவா காலத் தொடக்கத்தில் (1926க்குப் பிறகு), சுற்றுலாவுக்காக ஊரைப் பரப்ப ஆரம்பித்தபோதுதான் நிலைத்தது. தோகுஷிமா கெய்ஷா ஒருவர், ஊரார் ஒகோய்-சான் என்று கூப்பிட்டவர், 1931இல் இந்தப் பாட்டை இசைத்தட்டில் பதிவு செய்தார், அது நாடு முழுக்கப் போனது. அவர் 100 வயதில் 2008இல் காலமானார், அதுவரை ஊரின் குரலாகவே இருந்தார். போர்க்காலத்தில் ஆட்டம் நின்றது. 1945 ஜூலை 4 விடியற்காலையில் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டதில் நகரத்தில் பாதிக்கு மேல் எரிந்துபோனது, ஆயிரம் பேர் போல இறந்தார்கள். அடுத்த வருஷமே, 1946இல், சாம்பல் மேட்டில் ஆட்டத்தை மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். செத்தவர்களை வரவேற்கிற ஆட்டம் என்பதை அந்த வருஷம் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

போருக்கு அப்புறம் கேலரிகள் வந்தன. இவற்றை என்புஜோ என்கிறார்கள். தெருவின் இரண்டு பக்கமும் இரும்புக் குழாயில் படிப்படியாக இருக்கை, நடுவில் நூறு மீட்டர் போல ஒரு ஓடுபாதை, ஒரு முனையில் ரென் நுழையும், மறுமுனையில் வெளியேறி அடுத்த என்புஜோவுக்கு நடக்கும். 2018 வாக்கில் நகராட்சி வாசல், ஐபாஹாமா, கொன்யாமாச்சி, மினாமி உச்சிமாச்சி என நாலு கட்டண இடங்கள் இருந்தன. இவை போக இலவச இடங்களும், பாலத்தடியிலும் கடைத்தெருவிலும் யாரும் கேட்காமலே நடக்கிற ஆட்டமும். நாலு நாளைக்காகக் கட்டி நாலு நாளில் பிரிக்கிற கேலரிக்கு ஆகிற செலவை நினைத்துப் பாருங்கள். மழை பெய்தால் டிக்கெட் காசைத் திருப்பித் தர வேண்டும். ஆகஸ்ட் நடுவில் ஷிகோகுவில் புயல் வருவது ஒன்றும் அபூர்வமில்லை.

வந்த கூட்டம் ஊரில் விட்டுப் போகிற காசும் நினைக்கிற அளவுக்கு இல்லை. தங்க ஓட்டல் போதாது. ஜப்பானின் 47 மாகாணங்களில் பயணிகள் ராத்தங்குவதில் தோகுஷிமா கடைசி வரிசையிலேயே இருந்து வந்திருக்கிறது. 1998இல் அகாஷி பாலம் திறந்ததும் கோபேயும் ஒசாகாவும் பேருந்து தூரத்துக்கு வந்துவிட்டன. வெளியூர்க்காரர் வருவார், தோகுஷிமா செழிக்கும் என்று எதிர்பார்த்தார்கள், நடந்ததோ உள்ளூர்க்காரர் துணி வாங்கக்கூட அங்கே போக ஆரம்பித்ததுதான். 2020இல் ஊரின் கடைசிப் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோரும் மூடியது. மின்சார ரயில் ஓடாத ஒரே மாகாணம் என்று உள்ளூர்க்காரர்களே கிண்டல் செய்துகொள்வார்கள், எல்லாம் டீசல். அப்படிப்பட்ட ஊர் வருஷத்துக்கு நாலு நாள் மட்டும் டோக்கியோ மாதிரி நிரம்பி வழிகிறது.

இந்தப் பின்னணியில்தான் கடன். திருவிழாவை நகரச் சுற்றுலா சங்கமும் உள்ளூர் செய்தித்தாள் நிறுவனமும் சேர்ந்து நடத்திவந்தன. வருஷா வருஷம் விழுந்த துண்டு சேர்ந்து சேர்ந்து சுமார் 43 கோடி யென் ஆகிவிட்டது. கடனுக்குப் பின்னால் நின்ற நகராட்சி ஒரு கட்டத்தில் இனி முடியாது என்று சொல்லி, 2018 மார்ச்சில் சங்கத்தின் மேல் திவால் மனு போட்டது. புதிதாக ஒரு செயற்குழு, தலைவர் அப்போதைய மேயர் எந்தோ அகியோஷி. கணக்கைச் சரிக்கட்ட எங்கே கை வைப்பது என்று பார்த்தவர்கள் கண்ணில் பட்டது சோ ஒடோரி.

சோ ஒடோரி என்றால் ராத்திரி கடைசியில், மினாமி உச்சிமாச்சியில், புகழ்பெற்ற 14 ரென்கள் தனித்தனியாக வராமல் ஒன்றாகத் தெருவை அடைத்துக்கொண்டு வருவது. ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு பேர், ஒரே தாளம். வெளியூர்க்காரர்கள் தொலைக்காட்சியில் பார்த்து மயங்குவது பெரும்பாலும் இந்தக் காட்சிதான். ஆனால் செயற்குழு பார்த்தது வேறு: எல்லோரும் அந்த ஒரு இடத்து டிக்கெட்டையே கேட்கிறார்கள், மற்ற மூன்று இடத்தில் இருக்கை காலி. எனவே சோ ஒடோரியை நிறுத்திவிட்டு, பெரிய ரென்களை நாலு இடத்துக்கும் பிரித்துப் போட்டு, நாலு இடத்திலும் ஒரு சின்ன முத்தாய்ப்பு வைத்தால் டிக்கெட் சமமாக விற்கும். பேப்பரில் பார்த்தால் தப்பே சொல்ல முடியாத யோசனை. விற்காத இருக்கை உள்ள எந்த சபா செயலாளரும் இதைத்தான் யோசிப்பார்.

ஆடுகிறவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வருஷம் முழுக்கச் சம்பளம் இல்லாமல் பயிற்சி எடுத்துவிட்டு, அந்த ஒரு அரை மணி நேரத்துக்காகக் காத்திருப்பவர்களிடம் டிக்கெட் விற்பனை விகிதத்தைக் காட்டி என்ன பிரயோஜனம்? ஆகஸ்ட் 13 ராத்திரி, செயற்குழு கூடாது என்று சொல்லியும், அந்த 14 ரென்களும் என்புஜோவுக்கு வெளியே கடைத்தெருவில் கூடினார்கள். சுமார் 1,500 பேர். கேலரி இல்லை, டிக்கெட் இல்லை, விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்த ஜனம் நடைபாதையில் நெருக்கியடித்து நின்றது, மத்தளம் ஆரம்பித்தது, ஆடி முடித்தார்கள். போலீஸ் பிடிக்கவில்லை, யாரும் நசுங்கவும் இல்லை. அடுத்த நாள் நாடு முழுக்கச் செய்தி.

அதிபர் காலத்தில் வாசலைச் சாத்திக்கொண்டு உள்ளே ஆடு என்றார்கள், 2018இல் பிரிந்து நாலு இடத்தில் ஆடு என்றார்கள். மேயரை அதிபர் ஹச்சிசுகாவோடு ஒப்பிட்டு அப்போது நிறைய பேர் கிண்டலடித்திருப்பார்கள், எனக்கு அது முழு நியாயமாகப் படவில்லை. 43 கோடி யென் கடன் நிஜம், அது வரிகட்டுகிறவர் தலையில்தான் விடியும். நெரிசல் பயமும் நிஜம். செயற்குழுவின் தப்பு கணக்கில் இல்லை. தன்னிடம் இருக்கிற சரக்கு தனக்குச் சொந்தமானது என்று நினைத்ததுதான் தப்பு. சினிமாத் தியேட்டர்காரர் படத்தை எந்தத் திரையில் ஓட்டுவது என்று முடிவு செய்யலாம், படத்துக்குக் காசு கொடுத்திருக்கிறார். இங்கே ஆட்டத்துக்கு யாரும் காசு கொடுக்கவில்லையே.

அந்த வருஷம் வந்தவர்கள் சுமார் 10.8 லட்சம், 1974க்குப் பிறகு அதுதான் மிகக் குறைவு என்றார்கள். சுமார் 2.9 கோடி யென் மறுபடி நஷ்டம். 2019இல் நடத்தும் பொறுப்பு தனியார் நிகழ்ச்சி நிறுவனக் கூட்டணி ஒன்றிடம் போனது, சோ ஒடோரி திரும்ப வந்தது, ஆனால் கடைசி இரண்டு நாளைப் புயல் கொண்டுபோய்விட்டது. 2020இல் கொரோனா, போருக்குப் பிறகு முதன்முறையாக மொத்தமும் ரத்து. அதே வருஷத் தேர்தலில் எந்தோ தோற்று, 36 வயது நைத்தோ சவாகோ மேயரானார். 2022இல் தெருவுக்கு ஆட்டம் திரும்பியது, ஆனால் நெருக்கமாக நின்று கத்திக்கொண்டே ஆடுகிற ஆட்டம் ஆயிற்றே, விழாவுக்குப் பின் ரென்களில் எடுத்த கணக்கில் பதில் சொன்னவர்களில் நாலில் ஒருவருக்குத் தொற்று. 2023இல் ஒரு தலைக்கு 2 லட்சம் யென் விலையில் விசேஷ இருக்கை போட்டார்கள். நம் காசில் லட்சத்துக்கு மேல், உட்கார்ந்து பார்ப்பதற்கு. பார்க்கிற அசடுக்கு இவ்வளவு மரியாதை முன்னால் கிடைத்ததில்லை. 2024 தேர்தலில் எந்தோவே மறுபடி மேயராக வந்துவிட்டார். ஊர் அரசியலில் இதெல்லாம் சகஜம் போல.

இதற்கிடையில் தோகுஷிமாவுக்கு வெளியே ஆட்டம் அதுபாட்டுக்குத் தன் வழியில் பரவிக்கொண்டிருந்தது. டோக்கியோவின் கோயென்ஜி கடைத்தெரு இளைஞர்கள், பக்கத்துப் பேட்டை அசகாயாவில் பெரிய தானாபாத்தா விழா நடக்கிறதே, நமக்கும் ஒன்று வேண்டாமா என்று 1957இல் இதை ஆரம்பித்தார்கள். வட்டமாக ஆட இடம் இல்லாததால் நடந்துகொண்டே ஆடுகிற ஆட்டமாகத் தேர்ந்தெடுத்தார்கள், சரியாக ஆடத் தெரியாது, அதனால் 'பாக்கா ஒடோரி', கிறுக்கு ஆட்டம், என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். அப்புறம் தோகுஷிமாக்காரர்களிடம் முறையாகக் கற்றுக்கொண்டு பெயரையும் மாற்றினார்கள். இன்றைக்கு அங்கேயும் ஆகஸ்ட் கடைசியில் பத்து லட்சம் பேர் போலக் கூடுகிறார்கள், அங்கே பெரும்பாலும் சாலையோரம் நின்றே பார்க்கலாம்.

இன்னொரு வேடிக்கை. 2022 நவம்பரில் யுனெஸ்கோ 'ஃபூர்யூ ஒடோரி' என்ற தலைப்பில் ஜப்பானின் 41 நாட்டார் ஆட்டங்களைத் தன் பட்டியலில் சேர்த்தது. கிஃபுவின் குஜோ ஒடோரி இருக்கிறது, அகிதாவின் நிஷிமோனாய் போன் ஒடோரி இருக்கிறது, தோகுஷிமா மாகாணத்தில் இருந்தே நிஷி இயா என்கிற மலைக்கிராமத்தின் மழை வேண்டி ஆடுகிற ஜிந்தாய் ஒடோரி இருக்கிறது. அவா ஒடோரி இல்லை. தேசிய அளவில் முக்கியமான நாட்டார் பண்பாட்டுச் சொத்தாக அரசு ஏற்கெனவே அறிவித்தவற்றைத்தான் பட்டியலுக்கு அனுப்பினார்கள், அவா ஒடோரிக்கு அந்த அறிவிப்பு இல்லை. அது ஒவ்வொரு தலைமுறையிலும் மாறிக்கொண்டே இருப்பது, ரென்னுக்கு ரென் புதிது புதிதாகச் சேர்ப்பது. பாதுகாக்க வேண்டும் என்றால் முதலில் அது கொஞ்ச நேரம் அசையாமல் நிற்க வேண்டுமே.

போக நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். ஆகஸ்டில் போக முடியாவிட்டால் பிஸான் மலையடிவாரத்தில் அவா ஒடோரி அரங்கு இருக்கிறது, 1999இல் திறந்தது, வருஷம் முழுக்க அநேகமாக தினமும் ஆட்டம் உண்டு, கடைசியில் பார்வையாளர்களை மேடைக்கு இழுத்துவிடுவார்கள். ஆகஸ்டிலேயே போனால் டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் நிவாகா ரென் எங்கே கூடுகிறது என்று விசாரியுங்கள். நிவாகா என்றால் திடீர். பெயர் கொடுக்க வேண்டாம், உடை வேண்டாம், போட்டிருக்கிற பனியனும் செருப்பும் போதும், கட்டணம் கிடையாது. புகழ்பெற்ற ரென்காரர் ஒருவர் முன்னால் நின்று வலது காலோடு வலது கை என்று சில நிமிஷம் சொல்லிக் கொடுப்பார், அப்புறம் மொத்தக் கும்பலையும் அப்படியே என்புஜோவுக்குள் ஓட்டிக்கொண்டு போவார். இரண்டு பக்கமும் கேலரியில் காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவர்கள் கை தட்டுவார்கள், உங்களுக்கு.